தான்றிக்கு மூன்று சுற்று

தும்பைச் செடியைக் காயவைத்துப் புகை போட்டால் கொசு அண்டாது. உங்கள் ஸ்டேஷன் வாசலில் இருக்கும் குரோட்டன்ஸ் தொட்டிகளை எடுத்துவிட்டு அங்கே ஒரு பாத்தி தும்பை போடலாம் சார். உரம் வேண்டாம், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாம். மழை வந்தால் தானே முளைக்கும், ஓணத்துக்குத் தானே பூக்கும். நாட்டுச் செடிகளில் எனக்குப் பிடித்ததே அதுதான். அவை யாருக்கும் பாரமாக இருப்பதில்லை.

நீங்கள் கேட்டது இதை அல்ல என்று தெரியும். நீத்துவைப் பற்றிக் கேட்டீர்கள். வருகிறேன். எதையும் வேரிலிருந்து சொல்லித்தான் எனக்குப் பழக்கம். நடுவில் தொடங்கினால் எதையாவது விட்டுவிட்டேனோ என்று பிறகு தூக்கம் வராது.

நிலம்பூர் டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் எனக்கு வேலை. மற்றவர்கள் பிரித்துப் போடும் சேலைகளை மடித்து வைப்பது. வீட்டில் அம்மாவும் தம்பி வினீஷும். எனக்குக் கல்யாணம் ஆகாமல் தம்பிக்கு ஆனது உண்மைதான். எல்லாரும் அதைத்தான் காரணம் என்று சொல்வார்கள், நீங்களும் அப்படித்தான் எழுதுவீர்கள். அது காரணம் இல்லை. நான் நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டேன்.

எங்கள் ஊர் வாசகசாலையில் சனிக்கிழமை மாலைகளில் ஒரு வகுப்பு நடந்தது. வீட்டு முற்றத்தில் நாட்டுச் செடி வளர்ப்பது எப்படி என்று. முதல் நாள் நிறையப் பேர் வந்தார்கள். கடைசிவரை இருந்தது நான்தான். எனக்கு எதுவும் ஒரு தடவையில் மண்டையில் ஏறாது, அதனால் திரும்பத் திரும்பக் கேட்பேன். அங்கே சொன்னவற்றில் ஒன்று எனக்குள் அப்படியே தங்கிவிட்டது. வெளியிலிருந்து வந்த செடியை அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டாம், வேர் அறுந்து உள்ளே நின்றால் இன்னும் வெறியோடு வரும். அதைச் சுற்றி இந்த மண்ணுக்கு உரியதை நெருக்கமாக நடுங்கள். அது தானே ஒடுங்கிவிடும்.

நான் அப்படித்தான் செய்தேன். முற்றத்தில் தும்பை, முக்குற்றி, தெச்சி. வேலியோரம் காந்தள். கிணற்றடியில் அசோகம். வீட்டுக்குப் பின்னால் தொடியில் ஏற்கெனவே ஒரு பெரிய தான்றி மரம் இருந்தது, அதன் நிழலில் பன்னம் என்கிற பெரணிகளும் சர்ப்பகந்தியும். பக்கத்து வீட்டுக் கதீஜா இத்தா மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு பார்ப்பார்.

"உங்க அச்சாச்சன் கோட்டயத்துலேர்ந்து வந்து காட்டை வெட்டி வீடு கட்டினாரு. பேத்தி வீட்டைச் சுத்திக் காடு நடுறா. கணக்கு நேராயிடுச்சு போ" என்பார்.

அது பழைய கதை. நான் இங்கே பிறந்தவள். சிரித்துக்கொண்டு வேலையைப் பார்ப்பேன்.

அந்த வருடம் ஓணத்துக்கு எங்கள் வாசலில் போட்ட பூக்களத்தில் ஒரு பூகூடக் கடையில் வாங்கியது இல்லை. ஊர் முழுக்கத் தமிழ்நாட்டிலிருந்து லாரியில் வந்த செண்டுமல்லிதான். எங்கள் வீட்டில் மட்டும் தும்பை, நடுவே சின்னச் சின்னதாய் மஞ்சள் முக்குற்றி. சின்னக் களம்தான். ஆனால் பார்க்க ஆட்கள் வந்தார்கள். என்னைப் பார்க்க என்று யாரும் அதற்கு முன் வந்ததில்லை. பெண் பார்க்க இரண்டு குடும்பம் வந்திருக்கிறது, ஆனால் அது வேறு.

அடுத்த கோடையில், மேட மாதத்தில், நீத்து வினீஷின் மனைவியாக வந்தாள். குட்டநாட்டுப் பெண். அப்பா தங்கப்பன் அங்கே வாத்து மேய்ப்பவர். மலையும் காடும் அவள் பார்த்ததே இல்லை. நல்ல பெண், சார். அதில் எனக்குச் சந்தேகம் எப்போதும் இருந்ததில்லை. வந்த மறுநாளே என் பின்னாலேயே சுற்றினாள்.

"சேச்சி, இங்க தவளை மரத்துல ஏறுது. எங்க ஊர்ல அதுக்கு அவ்வளவு தைரியம் கிடையாது" என்றாள்.

அவளுக்குப் பத்துமணிப் பூ என்றால் உயிர். காலை பத்து மணிக்கு விரியுமே, அந்தக் குட்டிச் செடி. வீட்டிலிருந்து வரும்போது துணிகளோடு அதையும் கொண்டுவந்தாள். நறுக்கிய பிளாஸ்டிக் புட்டி, உடைந்த பக்கெட், பெயின்ட் டப்பா எல்லாவற்றிலும் வைத்தாள். சிவப்பு, ஆரஞ்சு, இரண்டு நிறம் கலந்தது. ஏதோ அயல்நாட்டுச் செடி. அம்மா தினமும் பத்து மணிக்குத் திண்டில் உட்கார்ந்து அது விரிவதைப் பார்ப்பார். என் தும்பையை அம்மா அப்படிப் பார்த்ததில்லை.

ஓணம் வரும் சிங்க மாதம் பிறப்பதற்கு முன் ஒரு நாள் வேலை முடிந்து வந்தேன். முற்றம் மொட்டையாக இருந்தது. நீத்து இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு கையெல்லாம் மண்ணோடு நின்றாள்.

"சேச்சி வர்றதுக்குள்ள முடிச்சிரணும்னு அம்மாகிட்டக்கூடச் சொல்லல. முற்றம் பூரா களையா கெடந்துது. இப்பப் பாருங்க, கல்யாண வீடு மாதிரி இல்ல?"

தும்பையும் முக்குற்றியும் கிணற்றடியில் குவியலாகக் கிடந்தன. மொட்டு வைத்திருந்தன. அவை இருந்த இடத்தில் பத்துமணித் தொட்டிகள் வரிசையாக இருந்தன.

நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். கோபப்பட்டேனா என்று கேட்டால், இல்லை என்றுதான் நினைக்கிறேன். கைகால் கழுவிவிட்டுத் தேநீர் குடித்தேன். அந்த ஓணத்துக்கு வினீஷ் செண்டுமல்லி வாங்கி வந்தான். "கலர் நல்லாத்தானே இருக்கு" என்று அம்மா சொன்னார். யாரும் பார்க்க வரவில்லை.

இனி சேரு மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரிந்திருக்கும், மலையோரத்து ஆட்களுக்கு எல்லாம் தெரியும். சேராங்கொட்டைக்கு உறவு. பால் பட்டால் தோல் வெந்துபோகும். சிலருக்கு அடியில் நின்றாலே முகம் வீங்கும். சிலரை ஒன்றும் செய்யாது. அதற்கு மாற்று தான்றி. சேரு பட்டவர்கள் குளித்துவிட்டு வந்து தான்றி மரத்தை மூன்று முறை வலம் வந்து கும்பிட வேண்டும். சேருவுக்கும் தான்றிக்கும் பகை, சேரு செய்த கேட்டைத் தான்றி நீக்கிவிடும் என்பார்கள். படித்தவர்கள்கூடச் செய்வார்கள்.

ஐப்பசியில், துலா மழையில், நீத்து ஓடைப்பக்கம் விறகு பொறுக்கப் போனாள். அங்கே ஒரு சேரு இருக்கிறது. சாயங்காலத்துக்குள் கழுத்தும் கையும் கொப்பளித்துவிட்டன. கதீஜா இத்தா மதிலைத் தாண்டி வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"கல்யாணம் ஆகி வந்ததை இப்பத்தான் சேரு விசாரிச்சிருக்கு. பயப்படாதே மோளே. உங்க தொடியிலேயே தான்றி நிக்குதே, உனக்கென்ன கேடு? குளிச்சிட்டுப் போய் மூணு சுத்து சுத்து."

அவள் சுற்றினாள். கொஞ்ச நாளில் ஆறிவிட்டது. சும்மா இருந்தாலும் ஆறியிருக்கும். ஆனால் அவள் அந்த மரத்தைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. நாம் பிறந்ததிலிருந்து கேட்பதால் பாதிதான் நம்புவோம். புதிதாகக் கேட்பவர்கள் முழுசாக நம்பிவிடுகிறார்கள். அந்தத் தான்றியை வெட்டிவிட்டுக் கார் நிறுத்தக் கொட்டகை போடுவதாக வினீஷ் பேசிக்கொண்டிருந்தான். நீத்துதான் தடுத்தாள். "அதுல கை வெச்சா நான் எங்க அப்பா வீட்டுக்குப் போயிருவேன் பாத்துக்குங்க" என்றாள். மரம் இன்று நிற்பது அவளால்தான். அந்த நன்றி எனக்கு உண்டு.

அந்த மாதம்தான் நான் ஓடைக்கரைக்குப் போனேன். சேருவின் அடியில் கன்றுகள் மண்டிக் கிடந்தன. வெறுங்கையால் தோண்டினேன். வீட்டுக்கு வந்து கையை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மறுநாளும் இல்லை. எனக்குள் அன்று ஒரு நிம்மதி வந்தது. எனக்கு எதிலும் நிச்சயம் வந்ததில்லை சார், கடையில் மடித்த சேலையையே இன்னொரு தடவை மடிப்பவள். ஆனால் சேருவுக்கு என்னைத் தெரிந்திருந்தது. இந்த மண்ணுக்கு உரியவர்களை அது ஒன்றும் செய்யாது.

கன்றுகளைத் தான்றியைச் சுற்றி நட்டேன். அடர்த்தியாக, இரண்டு வரிசையாக. நடுவில் ஒரு ஆள் போகும் அளவுக்குப் பாதை விட்டு ஓடைக்கல் பதித்தேன். அழகாக இருந்தது. உங்கள் ஆட்கள் எடுத்த போட்டோவில் அந்த அழகு வரவில்லை.

நீத்து பார்த்துவிட்டுக் கேட்டாள். "சேச்சி, இது என்ன கன்னு? மா மாதிரி இருக்கே."

"நாட்டு மா" என்றேன்.

நான் அவளிடம் சொன்ன ஒரே பொய் அதுதான். அதையும் பொய் என்று சொல்வதா தெரியவில்லை. இரண்டும் ஒரே குடும்பம் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அவள் அதையே வீட்டிலும் மதில் வழியாக இத்தாவிடமும் சொன்னாள், பின்தொடிக்குப் போய்ப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

"அப்ப என் பிள்ளைங்க இந்த மரத்துலதான் மாங்கா அடிக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் அந்தப் பாதையில் தான்றியைக் கும்பிடப் போனாள். நோவு இல்லாத நாளிலும் குளித்ததும் ஒரு சுற்று சுற்றுவது அவளுக்கு வழக்கமாகியிருந்தது. முழங்கால் உயரக் கன்றுகள் இரண்டு பக்கமும் அவளைத் தொட்டன.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். காலில் தொடங்கியது. கொப்புளம் வந்தது, உடைந்தது, மறுபடி வந்தது. வந்ததும் அவள் தான்றியிடம் போனாள். போனதும் இன்னும் வந்தது. ஒரு சுற்று மூன்றாயிற்று, மூன்று காலையும் மாலையுமாக ஆயிற்று.

தோல் டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். வினீஷுக்கு லீவு கிடைக்கவில்லை. "வீட்டுல புதுசா ஏதாவது செடி வெச்சிருக்கீங்களா?" என்று டாக்டர் கேட்டார். நீத்து என்னைப் பார்த்தாள். "சேச்சி வெச்சதெல்லாம் மருந்துச்செடி சார். வெளியூர்ச் செடின்னா என் பத்துமணி மட்டும்தான்" என்றாள்.

நான் எதுவும் சொல்லவில்லை. டாக்டர் கேட்டது அவளிடம்.

வீட்டுக்கு வந்ததும் அவளே தொட்டிகளைக் கொண்டுபோய்க் கொட்டினாள். அழுதாள். அவள் கை வீங்கியிருந்ததால் கடைசிப் பக்கெட்டை நான்தான் தூக்கினேன். அன்றே அந்த இடத்தில் தும்பை விதை தூவினேன்.

அப்பா வீட்டுக்குப் போனால் ஆறிவிடும், இங்கே வந்தால் தொடங்கிவிடும். வினீஷுக்கு எரிச்சல் வர ஆரம்பித்தது. "இந்த வீடு உனக்கு ஒத்துக்கல, இல்ல இந்த வீட்டு ஆளுங்களா?" என்று ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டான். அவள் எழுந்து போய்விட்டாள். நான் பின்னால் போய்ச் சமாதானம் சொன்னேன். சில செடிகளை இடம் மாற்றினால் வேர் பிடிக்காது மோளே, அது செடியின் குற்றம் இல்லை, திரும்பப் போய்விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்றேன். அவளுக்கு வழி காட்டினேன் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அவள் அன்று போயிருக்கலாம்.

"நான் வேர் பிடிச்சிருவேன் சேச்சி" என்றாள். "எனக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. எங்க ஊர்ல வெள்ளத்துல முங்கின நெல்லே எந்திரிச்சு நிக்கும், பாத்திருக்கீங்களா?"

வெயில் ஏறிய மீன மாதத்தில் அவள் கர்ப்பம் என்று தெரிந்தது. அம்மா பாயசம் வைத்தார். அந்தச் சந்தோஷத்தில் அவள் டாக்டர் கொடுத்த மாத்திரைகளைத் தானே நிறுத்திவிட்டாள், பிள்ளைக்கு ஆகாது என்று பயந்து. யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம் மட்டும் சொன்னாள். "தான்றி பாத்துக்கும். சேச்சி யார்கிட்டயும் சொல்லிராதீங்க" என்றாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுவேன்.

இங்கேதான் நீங்கள் எழுதுவதைக் கொஞ்சம் நிறுத்துகிறீர்கள். எழுதுங்கள். நட்டதோடு நான் கையைக் கழுவிவிட்டேன் என்று வக்கீல் சொல்லச் சொல்வார். அது சரியில்லை. நட்ட செடியைப் பார்த்துக்கொள்ளாமல் விடுவது என் வழக்கம் இல்லை. தினமும் கடைக்குக் கிளம்பும் முன் பாதைப் பக்கம் நீட்டியிருக்கும் நுனிகளைக் கிள்ளிவிடுவேன். கிள்ளினால் செடி புதர்போல அடரும். கிள்ளிய இடத்தில் பால் கசியும். நான் படியிறங்கும்போது அவள் குளித்து முடித்து ஈரத் தலையோடு வருவாள். "போயிட்டு வாங்க சேச்சி" என்பாள். கர்ப்பம் என்று தெரிந்த பிறகும் கிள்ளினேனா என்று நீங்கள் கேட்பீர்கள். மழை முன்கூட்டியே வந்துவிட்டது, தளிர் அதிகம். தினமும் கிள்ள வேண்டியிருந்தது.

இரண்டு மாதம் கழித்து, இடவம் பிறந்தபோது அவள் முகம் வீங்கிக் கண் இரண்டும் மூடிவிட்டன. உடம்பில் கை வைக்க இடம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, எனக்கு லீவு. வினீஷ் வண்டி ஏற்பாடு செய்ய டவுனுக்குப் போயிருந்தான். அம்மா கஞ்சி வைத்துக்கொண்டிருந்தார். நீத்து சுவரைப் பிடித்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள்.

"சேச்சி, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை. கண்ணு தெரியல. கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறீங்களா?"

கூட்டிப்போனேன். மழை விட்டிருந்தது, இலையெல்லாம் ஈரம். அதற்குள் கன்றுகள் இடுப்புக்கு மேல் வளர்ந்திருந்தன. பாதை ஒரு ஆளுக்குத்தான், அதனால் நான் முன்னால் போனேன். அவள் ஒரு கையால் என் கையைப் பிடித்திருந்தாள், மற்றக் கையை வயிற்றின்மேல் வைத்திருந்தாள். வழியில் தடவித் தடவி இலைகளைத் தொட்டாள். "நல்லா வளந்திருச்சே சேச்சி" என்றாள். மூன்று சுற்று. நான் அவசரப்படுத்தவில்லை. முடிந்ததும் மரத்தில் நெற்றியை வைத்து என்னவோ வேண்டிக்கொண்டாள். பிறகு என் தோளில் சாய்ந்துகொண்டு, "சேச்சி இல்லைன்னா நான் என்னைக்கோ ஓடிப்போயிருப்பேன்" என்றாள்.

அதைக் கேட்டு எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும் அல்லவா.

புண்ணில் ஏறிய கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். முதலில் பிள்ளை போயிற்று. அவளுக்கு அது தெரியுமுன் அவளும் போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் தங்கப்பன் பின்தொடிக்குப் போனார். "என் மோள் கடைசி வரைக்கும் நம்பின மரம். அதை ஒரு தடவை சுத்திட்டுப் போறேன்" என்றார். நான் சமையலறை ஜன்னலில் நின்றுகொண்டிருந்தேன். கூப்பிட்டுத் தடுத்திருக்கலாம். ஆனால் அப்பாவின் விருப்பத்தில் நான் யார் குறுக்கே நிற்க? அன்று மாலையே மகளுக்கு வீங்கியதுபோல அவருக்கும் வீங்கியது. கதீஜா இத்தா பார்க்க வந்தார். தங்கப்பனின் கைகளைப் பார்த்தார், எழுந்து நேராகத் தான்றியடிக்குப் போனார். நானும் போனேன். அவர் சேலைத் தலைப்பால் விரலைச் சுற்றிக்கொண்டு ஒரு இலையைக் கிள்ளினார். பால் கறுக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது மா இல்லையே. யாரு நட்டது?"

"நான்தான் இத்தா" என்றேன்.

"தெரிஞ்சா?"

தெரிஞ்சுதான் என்றேன். இவ்வளவு நாளில் அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பேன். இத்தா என்னை அடிக்கவில்லை, ஒன்றும் திட்டவில்லை. "உன் கையில அது ஏறலையே, நீ என்ன ஜென்மம்" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள், சார். நட்டது நான். கிள்ளியது நான். கையைப் பிடித்துக் கூட்டிப்போனதும் நான். ஆனால் நான் யாரையும் பிடுங்கவில்லை. அவளைச் சுற்றி இந்த மண்ணுக்கு உரியதை நட்டேன், அவள் தானே ஒடுங்கினாள். வகுப்பில் சொன்னபடிதான்.

ஒரே ஒரு வேண்டுகோள். அந்தக் கன்றுகளை எடுப்பதாக இருந்தால் கையுறை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அளவெடுக்க வந்த போலீஸ்காரர் சொறிந்துகொண்டே போனார், அவர் கொல்லத்துக்காரர் என்று கேள்விப்பட்டேன். அம்மாவிடம் முற்றத்துத் தும்பையை மிதிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்த ஓணத்துக்குப் பூக்கும்.

என் கையை ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? இந்தத் தடிப்பு முந்தாநாள் தொடங்கியது. முதலில் மணிக்கட்டில், இப்போது முழங்கைவரை. சேரு என்னை ஒன்றும் செய்யாது சார், நான் இந்த ஊர்க்காரி. உங்கள் ஸ்டேஷனில் கொசு அதிகம்.